உப்சாலாவுக்குப் படிக்க வருகிறீர்களா? எதை முதலில், எதைப் பிறகு செய்வது

ஸ்வீடனின் உப்சாலாவில் முதுகலை முடித்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டவன் நான். ஒவ்வோர் ஆகஸ்டிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேரையாவது பேருந்து நிறுத்தத்தில் போய் அழைத்து வருவது வழக்கமாகிவிட்டது. எல்லோரும் குளிருக்கும் மொழிக்கும் பயந்துகொண்டு வருகிறார்கள். கடைசியில் அவர்களைத் தட்டிவிடுவது வரிசைதான்.

முகவரி இருந்தால்தான் தனிநபர் எண், அதாவது இங்கே உங்களை அடையாளம் காட்டும் அரசு எண், கிடைக்கும். எண் வந்தால் அடையாள அட்டை, அட்டை வந்தால் வங்கிக் கணக்கு, கணக்கு வந்தால் பேங்க்ஐடி எனும் மின் அடையாளம், அதற்கப்புறம்தான் ஸ்விஷ் எனும் பணம் அனுப்பும் செயலி. ஒன்று பிந்தினால் அதற்குப் பின்னால் நிற்கும் எல்லாமே பிந்தும். அதனால் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கட்டணம் கட்டி, ஓராண்டுக்கு மேல் படிக்க வருகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஒரு செமஸ்டர் மட்டும் வருகிறவர்களுக்குக் கீழே 5, 6ஆம் பகுதிகள் பொருந்தாது.

1. பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியைப் பாருங்கள்

குடியிருப்பு அனுமதி பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைத் தாண்டி வராது. பாஸ்போர்ட்டில் பத்து மாதம்தான் மிச்சமென்றால் அனுமதியும் அதற்குள்தான் முடியும். ஓராண்டுக்குக் குறைவான அனுமதியை வைத்துக்கொண்டு இங்கே மக்கள் பதிவேட்டில் சேர முடியாது. சேராவிட்டால் தனிநபர் எண் இல்லை, எண் இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் இல்லை. ஆகவே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

இடம் கிடைத்த முடிவு வசந்தத்தில் வந்துவிடும். உடனே முதல் தவணைக் கட்டணத்தைக் கட்டுங்கள், அதன் பிறகு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் கட்டாத விண்ணப்பம் நகராது.

செலவுக்குக் காட்டும் பணம் உங்கள் பெயரில், எடுக்கக்கூடிய கணக்கில் இருக்க வேண்டும். "அப்பா பேர்ல டெபாசிட் இருக்கு, போதாதா அண்ணா?" என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். போதாது.

இன்னொன்று. அனுமதி கிடைத்ததாக மின்னஞ்சல் வந்த அன்றே டிக்கெட் போடாதீர்கள். நமக்கு நாட்டுக்குள் நுழையவே குடியிருப்பு அனுமதி அட்டை கையில் இருக்க வேண்டும். அட்டை வந்து சேரட்டும்.

2. அறைக்கு விண்ணப்பம்: அனுமதிக்காகக் காத்திருக்கும்போதே

அட்டை வந்த பிறகு அறை பார்க்கலாம் என்று இருப்பவர்கள்தான் செப்டம்பரில் யாரோ ஒருவரின் சோபாவில் படுக்கிறார்கள். கட்டணம் கட்டும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் தங்குமிடப் பிரிவு வழியாக அறை கேட்கலாம், ஆனால் அதற்குக் கெடு உண்டு. இடம் கிடைத்த கடிதத்தோடு வரும் விவரங்களைப் படித்து, கெடுவை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

அதோடு மாணவர் வீடுகளை வாடகைக்கு விடும் நிறுவனங்களின் வரிசையிலும் இப்போதே பெயரைப் போட்டுவையுங்கள். ஸ்வீடனில் வீடு பெரும்பாலும் வரிசை நாட்களை எண்ணித்தான் கிடைக்கும். இன்று போட்ட பெயர் இரண்டாம் ஆண்டில் கைகொடுக்கும்.

வாடகை ஒப்பந்தம் இரண்டு வகை. வீட்டுக்காரரிடமே எடுப்பது முதல் கை. ஏற்கெனவே எடுத்தவரிடம் உள்வாடகைக்கு எடுப்பது இரண்டாம் கை. இரண்டாம் கை தவறில்லை, ஆனால் வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். சம்மதம் இல்லாத வீட்டில் "உங்கள் பெயரில் தபால் வரக்கூடாது" என்பார்கள். அப்படியென்றால் அந்த முகவரியில் பதிவு செய்ய முடியாது, சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகும்.

"நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று வரும் ஆசாமி திருடன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

3. பெட்டியில் எது, எது வேண்டாம்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக்கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, தாவரச் சான்று கேட்பார்கள். கருவாட்டுக்குத் தடை இல்லை. ஆனால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள், விமானத்தில் பக்கத்தில் இருப்பவரும் மனிதர்தானே.

குளிர் ஜாக்கெட்டை ஊரில் வாங்காதீர்கள். அங்கே "மைனஸ் பத்துக்குத் தாங்கும்" என்று விற்பது இங்கே அக்டோபரைத் தாண்டாது. பழைய துணிக் கடைகளில் நல்ல ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கும்.

கட்டாயம் வேண்டியவை: ஒரு படுக்கை விரிப்பு, தலையணை உறை, மூன்று முனை பிளக்குக்கு ஒரு மாற்றி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் டாக்டர் சீட்டோடு. படுக்கை விரிப்பைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறையில் கட்டிலும் மெத்தையும் இருந்தாலும் தலையணை, கம்பளி எதுவும் இருக்காது. சாவி வாங்கி உள்ளே நுழையும் நேரத்தில் கடையும் மூடியிருக்கும்.

உங்கள் ஊர் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். முதல் சில வாரங்கள் ஊர் வங்கி அட்டையில்தான் ஓடும், அதற்கான ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முடுக்கிவிட்டே கிளம்புங்கள். கட்டுக்கட்டாகக் குரோனர் கொண்டுவருவதில் பயனில்லை. பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், பல கடைகளிலும் அப்படித்தான்.

4. வந்து இறங்கும் நாள்

வார நாளில், காலையில் இறங்கும்படி டிக்கெட் போடுங்கள். சாவி கொடுக்கும் அலுவலகம் வெள்ளி மாலை மூடினால் திங்கள்தான் திறக்கும். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று வெள்ளி இரவு இறங்கி, மூன்று நாள் ஹாஸ்டலுக்கு அதைவிடப் பல மடங்கு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அர்லாண்டா விமான நிலையத்திலிருந்து உப்சாலாவுக்கு ரயிலில் இருபது நிமிடம்கூட ஆகாது. ஆனால் விமான நிலைய ரயில் நிலையத்தைப் பயன்படுத்தத் தனிக் கட்டணம் உண்டு. 801 பேருந்து மெதுவாகப் போகும், மலிவு. இரண்டு பெட்டியோடு வருகிறவருக்கு அதுவே வசதி. மாவட்டப் போக்குவரத்தான யூஎல்லின் செயலியை ஊரிலேயே இறக்கி, அட்டையைச் சேர்த்து வைத்திருங்கள்.

5. கதவில் பெயர், அப்புறம் வரித்துறை

அறைக்குள் போனதும் முதல் வேலை தலையணை வாங்குவதல்ல. கதவிலோ தபால் பெட்டியிலோ உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு தாளில், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இங்கே பெயர் இல்லாத கதவில் கடிதம் போட மாட்டார்கள், அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள்.

போன வருஷம் ஒரு தம்பி ஏழு வாரம் காத்திருந்தான். "என் எண் மட்டும் வரலையே அண்ணா" என்று தினமும் புலம்பல். அறைக்குப் போய்ப் பார்த்தேன். கதவில் முன்பு இருந்தவரின் பெயர் அப்படியே இருந்தது. தம்பியின் கடிதம் வந்து, பெயரைக் காணாமல், திரும்பிப் போயிருக்கிறது. நம் பெயர் முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், கதவில் நாம் கூப்பிடு பெயரை மட்டும் எழுதியிருப்போம். இரண்டையும் எழுதுங்கள். வேறொருவரின் வீட்டில் தங்கினால் முகவரியில் சி/ஓ என்று போட்டு அவர் பெயரையும் சேர்க்க வேண்டும்.

பெயர் ஒட்டியாயிற்றா? சரி, இப்போது வரித்துறை. ஸ்வீடனில் மக்கள் பதிவேட்டை வைத்திருப்பது ஸ்காட்டெவெர்க்கெட் எனும் வரித்துறைதான். 'நான் இங்கே குடிவந்துவிட்டேன்' என்ற அறிவிப்பை இணையத்தில் நிரப்பிவிட்டு, அரசு சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட், அனுமதி அட்டை, சேர்க்கைக் கடிதம், வாடகை ஒப்பந்தம் நான்கையும் எடுத்துப் போங்கள். உள்ளே நுழைந்ததும் வரிசைச் சீட்டு எடுங்கள். சீட்டு எடுக்காமல் நின்றால் மாலை வரை நிற்கலாம்.

வகுப்பெல்லாம் செட்டில் ஆன பிறகு போகலாம் என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. ஆகஸ்ட் கடைசியில் எல்லா மாணவரும் அங்கே குவிவார்கள், பரிசீலனைக்கும் சில வாரங்கள் ஆகும். இறங்கிய முதல் வாரத்திலேயே போய்விடுங்கள்.

கடிதத்தில் வருவது பிறந்த தேதியும் நான்கு இலக்கங்களும் சேர்ந்த எண். பெர்ஷூன்நும்மர் என்பார்கள். அன்றே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பல் மருத்துவர் முதல் ஜிம் வரை எல்லோரும் கேட்பார்கள்.

6. அட்டை, வங்கி, பேங்க்ஐடி, ஸ்விஷ்

எண் வந்த அன்றே அடையாள அட்டைக்கு நேரம் பதிவு செய்யுங்கள். அதையும் வரித்துறையே தருகிறது. கட்டணத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அனுமதி அட்டை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். வங்கியும் மருந்துக் கடையும் ஒப்புக்கொள்ளும் ஸ்வீடன் அடையாளம் இதுதான், அதனால்.

வங்கியில் பணம் எங்கிருந்து வருகிறது, மாதம் எவ்வளவு வரும், யார் அனுப்புவார்கள் என்று துருவுவார்கள். கோபப்படாதீர்கள், சட்டப்படி அவர்கள் கேட்டே ஆக வேண்டும். அப்பா அனுப்புகிறார், கல்விக் கடன் வருகிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள், கடன் கடிதத்தையும் காட்டுங்கள். ஒரு வங்கி இல்லையென்றால் அடுத்த வங்கிக்குப் போங்கள்.

கணக்கு திறக்கும்போதே பேங்க்ஐடி வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அது இந்த நாட்டில் உங்கள் கையெழுத்து. வரித்துறை, மருத்துவம், வாடகை எல்லாவற்றிலும் அதை வைத்துத்தான் நுழைவீர்கள். ஸ்விஷ் அதன் மேல் ஓடும் பணப் பரிமாற்றச் செயலி, நம்மூர் யூபிஐ போல. நாலு பேர் சாப்பிட்டுப் பங்கு பிரிப்பதும், பழைய சைக்கிள் வாங்குவதும் அதில்தான்.

யாராவது போன் செய்து "வங்கியிலிருந்து பேசுகிறோம், பேங்க்ஐடியைத் திறங்கள்" என்றால் வைத்துவிடுங்கள். நீங்களே தொடங்காத எதற்கும் அதைத் திறக்கக்கூடாது.

7. பொதுச் சமையலறை

ஃப்ளோக்ஸ்டா மாதிரியான மாணவர் குடியிருப்புகளில் ஒரு நடைபாதைக்குப் பன்னிரண்டு அறைகள், ஒரே சமையலறை. நம்மவர்கள் முதல் வாரத்திலேயே அங்கே ஒரு காரியம் செய்வார்கள்: தாளிப்பார்கள்.

காய்ந்த மிளகாய் கருகும் புகை சும்மா இருக்காது. நமக்கு இருமல் வரும்போது பதறிப்போய் நடைபாதைக் கதவைத் திறந்துவிடுகிறோம். அதுதான் வினை. புகையுணர் கருவி நடைபாதையில் இருக்கிறது. அலாரம் அடித்தால் கட்டடம் முழுக்க வெளியே நிற்கும், பொய் அலாரத்துக்குப் பணமும் கேட்கலாம். நடைபாதைக் கதவை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், புகைபோக்கி விசிறியை முதலிலேயே போடுங்கள், மிளகாயைக் கடைசியில் போட்டு மூடிவிடுங்கள். நான் இதை எப்படிக் கற்றேன் என்று கேட்க வேண்டாம். ஜனவரி மாதம், செருப்புக்கூட இல்லாமல், பனியில்.

குக்கர் கொண்டுவருவதானால் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்ற அடிப்பகுதி உள்ளதா என்று பாருங்கள். வெறும் அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடாகாது. இட்லி மாவு இந்த ஊர் அறைவெப்பத்தில் ஒரே இரவில் பொங்காது. அடுப்புக்குக் கீழிருக்கும் ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள், மேலே ஒரு சீட்டும் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் யாராவது பீட்சா போட ஓவனை முடுக்கிவிடுவார்கள்.

பால் வாங்கும்போது ஃபில் என்று போட்ட பெட்டியை எடுக்காதீர்கள். அது புளித்த பால், டீயில் ஊற்றினால் திரிந்துபோகும். ஆனால் தண்ணீரும் உப்பும் பெருங்காயமும் சேர்த்தால் அருமையான மோர். சிவப்புப் பெட்டிப் பால்தான் கெட்டியான 3 சதவீதம். பச்சை 1.5, நீலம் 0.5. சாதத்துக்குத் தயிர் வேண்டுமென்றால் துருக்கி யோகர்ட். மளிகைக்கு வில்லிஸ், லிடில் மலிவு. பருப்பு, புளி, மசாலாவை ஆசியக் கடைகளில் மொத்தமாக வாங்குங்கள்.

பாட்டில், கேன்களைத் தூக்கிப் போடாதீர்கள். கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் வைப்புத்தொகை திரும்பும்.

இரவு பத்து மணிக்கு ஃப்ளோக்ஸ்டாவில் ஜன்னல் வழியாகப் பத்துப் பேர் அலறுவார்கள். போலீசுக்குப் போன் செய்ய வேண்டாம். படிப்பின் அழுத்தத்தை அலறித் தீர்க்கிறார்கள், பல ஆண்டு வழக்கம். தேர்வு வாரத்தில் நீங்களும் அலறுவீர்கள்.

8. துணி துவைக்கும் அறை

பொது அறை, நேரம் பதிவு செய்துதான் போக வேண்டும். அடுத்தவர் நேரத்தில் உங்கள் துணி உள்ளே கிடப்பதுதான் இந்த நாட்டில் சண்டைக்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன். சண்டை வாய்ச்சண்டையாக வராது. கதவில் கோபமான சீட்டாக ஒட்டப்பட்டிருக்கும். முடித்ததும் உலர்த்தியின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். அடைத்திருந்தால் அடுத்தவர் துணி காயாது.

9. வகுப்பு

ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் லாடோக் எனும் அமைப்பில் பாடத்துக்கு நீங்களே பதிவு செய்ய வேண்டும். இடம் கிடைத்ததும் பதிவும் ஆகிவிட்டது என்று நினைத்து இடத்தை இழந்தவர்கள் உண்டு. தேர்வுக்கும் தனியாகப் பதிவு உண்டு, தேர்வுக்குப் பல நாள் முன்பே மூடிவிடும். பதிவு இல்லாதவருக்கு அறையில் நாற்காலி இருக்காது.

அரையாண்டுக்கு 30 கிரெடிட். பெரும்பாலும் பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவோ இரண்டிரண்டாகவோ ஓடும். ஐந்து வாரத்தில் ஒரு பாடம் முடிந்து தேர்வும் வந்துவிடலாம். நம்மூரில் கடைசி மாதத்தில் படித்துப் பழகியவருக்கு இங்கே கடைசி மாதம் என்று ஒன்று இருக்காது.

கால அட்டவணையில் 10 என்றிருந்தால் வகுப்பு 10.15க்கு. இது பல்கலைக்கழகக் கால்மணி. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இந்தச் சலுகை இல்லை. வீட்டுக்கு ஆறு மணிக்கு வா என்றால் ஆறு மணி. உள்ளே போகும்போது காலணியைக் கழற்றுங்கள், அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நமக்கு நாக்கு எழாது. "சார்" என்று மின்னஞ்சல் எழுதினால் தப்பாக நினைக்க மாட்டார்கள், ஆனால் சிரித்துக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நண்பனின் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதுவது நம் கல்லூரிகளில் சாதாரணம். இங்கே ஒப்படைக்கும் கட்டுரைகளை மென்பொருளில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஏமாற்றியது உறுதியானால் ஆறு மாதம் வரை இடைநீக்கம் செய்யலாம். படிப்பு நின்றால் படிப்புக்காகத் தந்த அனுமதியும் ஆட்டம் காணும். கொடுத்தவனும் மாட்டுவான்.

10. சைக்கிள்

உப்சாலா சைக்கிள் ஊர். செப்டம்பர் தொடக்கத்தில் எல்லோரும் தேடுவதால் விலை ஏறும், இரண்டு வாரம் பொறுத்தால் இறங்கும். விற்பவரின் பெயரும் சைக்கிள் ஃபிரேமில் பொறித்த எண்ணும் எழுதிய ரசீது கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அது திருட்டுச் சைக்கிள்.

பூட்டுக்குக் கஞ்சத்தனம் கூடாது, நிலையான கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம்.

11. நவம்பருக்குத் தயாராவது அக்டோபரில்

குளிரைத் துணியால் சமாளிக்கலாம். இருட்டுதான் ஆளை அமுக்கும். டிசம்பர் நடுவில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து மதியம் இரண்டே முக்காலுக்கு அடையும். வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. பனி விழுந்துவிட்டால் ஊரே கொஞ்சம் வெளுக்கும். அதற்கு முந்தைய நவம்பர்தான் மோசம்.

மதியம் வெளிச்சம் இருக்கும்போது அரைமணி நேரம் வெளியே நடங்கள், மழையாக இருந்தாலும். அறைக்குள் இருந்துகொண்டே ஊருக்கு வீடியோ காலில் நாலு மணி நேரம் பேசுவது அன்றைக்கு ஆறுதல், இரண்டு மாதத்தில் நோய். வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், கருத்த தோலுக்கு இங்கே வெயில் போதாது.

உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை, நடுவில் ஒரு ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். அறைகள் சூடாக இருக்கும் என்பதால் ஒரே தடித்த கோட்டைவிட மூன்று அடுக்கு நல்லது. காலணிக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டையும் ஒளி திருப்பும் பட்டையும் வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் மணிக்கட்டை முறித்துக்கொண்டு ஒரு கையால் தேர்வு எழுதியவன் என் அறைத் தோழன்.

12. உடம்பு சரியில்லையென்றால்

நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். 1177க்குப் போன் செய்யுங்கள், நர்ஸ் கேட்டுவிட்டு எங்கே போகலாம் என்று சொல்வார். உயிர் ஆபத்துக்கு 112. காய்ச்சல், சளிக்கு இங்கே ஆன்டிபயாடிக் எளிதில் தர மாட்டார்கள். பாராசிட்டமால் போட்டு ஓய்வெடு என்பார்கள், ஊரில் பழகியவருக்கு அவமானமாக இருக்கும். தனிநபர் எண் வந்ததும் பக்கத்து ஆரம்ப சுகாதார மையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பல் வேலையை ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள், இங்கே கை சுடும்.

13. ஆட்கள்

உப்சாலாவில் மாணவர் சங்கங்கள் பதின்மூன்று உண்டு, நேஷன் என்பார்கள். ஒன்றில் சேர்ந்தால் மற்றவற்றிலும் நுழையலாம். எல்லோரும் சேர்ந்துவிட்டு விருந்துக்குப் போகிறார்கள். இருட்டறையில் இரைச்சலில் யாரோடும் பேச முடியாது, "ஸ்வீடன்காரர்கள் ஒட்ட மாட்டார்கள்" என்று திரும்பி வருகிறார்கள். என் யோசனை வேறு. நேஷனின் கஃபேயிலோ சமையலறையிலோ வாரம் ஒருநாள் வேலை செய்யுங்கள். பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்குகிறவரோடு பேசாமல் இருக்க முடியாது. பேருந்தில் வாயே திறக்காத அதே ஆள்தான் அங்கே கதை கதையாகச் சொல்வார்.

ஸ்வீடிஷ் வகுப்பில் முதல் செமஸ்டரிலேயே சேருங்கள். படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் தேவையில்லை என்று தோன்றும். பகுதிநேர வேலை தேடும்போதுதான் உறைக்கும்.

14. அனுமதி முடியும்போது, அறை மாறும்போது

நீட்டிப்புக்குப் பழைய அனுமதி முடியும் முன்பே விண்ணப்பியுங்கள். முடிவு வரும்வரை இங்கே இருக்கலாம். ஆனால் பழைய அட்டை காலாவதியான பிறகு ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே வர முடியாது. கோடை விடுமுறைக்கு மலிவு டிக்கெட் போட்டுவிட்டு ஜூனில் அழுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அட்டையின் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைப் பாருங்கள். கிரெடிட்டில் பின்தங்கியிருந்தாலும் நீட்டிப்பு சிக்கலாகும்.

அறை மாறினால் ஒரு வாரத்துக்குள் வரித்துறைக்குப் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும், பேங்க்ஐடி இருந்தால் ஐந்து நிமிட வேலை. தெரிவித்துவிட்டு, பெட்டிகளைப் பிரிக்கும் முன் புதுக் கதவில் பெயரை ஒட்டுங்கள்.